பாட்டுப் பெட்டி படுத்துதா? உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க!

திண்டிவனத்துல இருக்கிற என் தங்கச்சி ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினா. குரலே சரியில்லை. "அக்கா, ஆயா பாட்டு இருக்கிற பிளேயர் போச்சுக்கா. லேப்டாப்புல மாட்டினா ஒண்ணுமே காட்டல. பாட்டு ஏத்துற கடையில கேட்டா ஃபார்மட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றாங்க. பண்ணிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்டி. முதல்ல அதைக் கடையிலேர்ந்து வாங்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை நான் வரேன். அதுவரைக்கும் எதையும் அமுக்காதே"ன்னு சொன்னேன்.

அது கட்டை விரல் அளவு எம்பி3 பிளேயர். 2 ஜிபி. பக்கத்துல ஒரு ரெக்கார்டிங் பட்டன் இருக்கும். மயிலம் பக்கம் எங்க ஊர்த் திண்ணையில உட்கார்ந்து எங்க ஆயா பாடின நடவுப் பாட்டெல்லாம் அதுல மட்டும்தான் இருந்தது. ஆயா இப்ப இல்லை. அந்தப் பாட்டை அப்படியே பாட ஊர்லயும் ஆள் இல்லை.

ஞாயிறு காலையில விழுப்புரத்துல பஸ் ஏறி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். தங்கச்சி பிளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்த லேப்டாப்புல இப்ப லினக்ஸ் மின்ட் ஓடுது. அதை வெச்சே ஒன்றரை மணி நேரத்துல பிளேயரை மீட்டோம். ஒரு பைசா செலவில்லை. நாங்க செஞ்சதையும், வருஷக்கணக்கா அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களோட பிளேயர், மெமரி கார்டு, பென் டிரைவ் பார்த்ததுல கத்துக்கிட்டதையும் வரிசையா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியட்டும்

பட்டா தொலைஞ்சா நிலம் எங்கேயும் போயிடாது. பிளேயரும் அப்படித்தான். பாட்டு சிப்புக்குள்ள ஒரு இடத்துல கிடக்கும். எந்தப் பாட்டு எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுங்கிற கணக்கு வேற இடத்துல இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் ஃபைல் சிஸ்டம்னு பேர். சின்ன பிளேயர்கள்ல பெரும்பாலும் இருக்கிறது ஃபாட். மைக்ரோசாஃப்ட் 1977-ல ஃப்ளாப்பி காலத்துல ஆரம்பிச்ச முறை அது. 1996-ல ஃபாட்32 வந்தது. பழசுதான், ஆனா கார் ஸ்டீரியோவுலேர்ந்து பஸ்ல பாட்டுப் போடுற பெட்டி வரைக்கும் எல்லாத்துக்கும் அது புரியும். அதனாலதான் இன்னும் நிலைச்சு நிக்குது. அந்தக் கணக்கை ஃபாட் வழக்கமா ரெண்டு பிரதியா வெச்சிருக்கும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கை கொடுக்கும்.

ஃபார்மட் பண்றதுன்னா பழைய கணக்கைத் தூக்கிப்போட்டு வெத்துப் புத்தகம் போடுறது. பிளேயர் ஓடும், பாட்டு இருந்த தடம் போயிடும். அதனால ஃபார்மட் கடைசி வழி.

1. நோய் எங்கேன்னு முதல்ல பாருங்க

உபுண்டு, மின்ட் ரெண்டுலயும் 'டிஸ்க்ஸ்'னு ஒரு செயலி இருக்கும். பிளேயரை மாட்டிட்டு அதைத் திறங்க. மூணுல ஒண்ணு நடக்கும்.

பிளேயர் பேரே வரலைன்னா, கேபிளைச் சந்தேகப்படுங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் நிறைய சுத்துது, அதுக்குள்ள டேட்டா கம்பியே இருக்காது. வேற கேபிள், வேற போர்ட், அரை மணி நேரம் சார்ஜ், இந்த மூணையும் பார்த்த பிறகுதான் அடுத்தது.

பேர் வருது, ஆனா அளவு இருக்க வேண்டிய இடத்துல மீடியா இல்லைன்னு காட்டுதுன்னா, சிப்போ கன்ட்ரோலரோ போயிருக்கலாம். அது சாஃப்ட்வேர் வேலை இல்லை.

பேரும் வருது, 2 ஜிபின்னு அளவும் சரியா இருக்கு, ஆனா உள்ளே 'அன்நோன்'னு காட்டுது, இல்லைன்னா திறக்க மாட்டேங்குதுன்னா சந்தோஷப்படுங்க. கணக்குப் புத்தகம்தான் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எங்க ஆயா பிளேயர் இந்த மூணாவது ரகம்.

சில பிளேயர்ல செட்டிங்ஸ்குள்ள யுஎஸ்பி மோடுன்னு ஒண்ணு இருக்கும், எம்டிபி, எம்எஸ்சின்னு ரெண்டு வழி. எம்டிபியில இருந்தா அது பென் டிரைவ் மாதிரி டிஸ்க்ஸ்ல வராது. எம்எஸ்சிக்கு மாத்திட்டு மறுபடி மாட்டிப் பாருங்க.

2. லினக்ஸ் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க

டெர்மினல்ல 'டிமெசேஜ்' கட்டளையை சூடோ சேர்த்துக் கொடுத்தா, கெர்னல் எழுதி வெச்ச குறிப்பெல்லாம் வரும். கடைசிப் பத்துப் பதினைஞ்சு வரி போதும். எங்களுக்கு வந்தது இதுதான்: போன தடவை முறையா அன்மவுன்ட் பண்ணலை, சில தகவல் கெட்டிருக்கலாம், எஃப்எஸ்சிகே ஓட்டுங்க. எஃப்எஸ்சிகேங்கிறது ஃபைல் சிஸ்டத்தைச் சோதிச்சுச் சரிபண்ற கருவி. ஆக, வைத்தியமும் அந்த வரியிலயே இருந்தது. தங்கச்சியைக் கேட்டேன். பாட்டு ஏத்திக்கிட்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பிளேயரை உருவிட்டுப் போயிருக்கா.

அங்கே 'ஐ/ஓ எரர்'னு வரி வரியா வந்தா கதை வேற. கேபிள் ஆடாம இருந்தும் அப்படி வந்தா சிப்பே சாகக் கிடக்குன்னு எடுத்துக்கலாம். ரிப்பேர் பக்கமே போகாம நேரா மூணாவது டிப்ஸுக்குப் போங்க.

3. ரிப்பேருக்கு முன்னாடி முழுசா ஒரு நகல்

இந்த ஒண்ணை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. ரிப்பேர்ங்கிறது கணக்கைத் திருத்தி எழுதுறது. திருத்துறது தப்பாப் போனா திரும்பி வர ஒரு இடம் வேணும்.

டிஸ்க்ஸ்ல பிளேயரோட பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, கீழே பல்சக்கரப் பட்டனை அழுத்தினா 'கிரியேட் பார்ட்டிஷன் இமேஜ்'னு வரும். அதைக் கொடுத்தா பிளேயர்ல உள்ளதை நல்லது, கெட்டது, காலி இடம் எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஃபைலா லேப்டாப்புல எடுத்து வெச்சுக்கும். 2 ஜிபிக்கு நாங்க ரெண்டு தம்ளர் காபி குடிச்சு முடிக்கிற நேரம்தான் ஆச்சு.

சாகக் கிடக்கிற சிப்புன்னா 'டிடி ரெஸ்க்யூ' நல்லது. படிக்க முடிஞ்ச இடத்தை முதல்ல வாரி எடுத்துட்டு, படிக்க முடியாத இடத்துக்குப் பிறகு திரும்பி வரும்.

4. இப்ப ரிப்பேர்

முதல்ல அன்மவுன்ட் பண்ணுங்க. திறந்து கிடக்கிற ஃபைல் சிஸ்டத்துல ரிப்பேர் ஓட்டக் கூடாது. அப்புறம் அதே பல்சக்கரத்துல 'செக் ஃபைல் சிஸ்டம்'. அது பார்த்து மட்டும் சொல்லும், எதையும் தொடாது. கெட்டிருக்குன்னு சொன்னா, அடுத்து 'ரிப்பேர் ஃபைல் சிஸ்டம்'. உள்ளே வேலை செய்யறது அதே எஃப்எஸ்சிகேதான்.

முடிஞ்சதும் எங்களுக்கு வயித்தைக் கலக்கிச்சு. பிளேயர் திறந்தது, சினிமாப் பாட்டெல்லாம் வந்தது. ஆயா பாட்டு இருந்த ரெக்கார்டிங் ஃபோல்டரைக் காணோம். தங்கச்சி கண்ணுல தண்ணி.

"இரு. மேலே பார்"னு சொன்னேன். எஃப்எஸ்சிகே0000, 0001, 0002ன்னு வரிசையா ஏழு ஃபைல், கடைசியில ஆர்இசின்னு முடியும். சொந்தக்காரன் யாருன்னு தெரியாத துண்டுகளை எஃப்எஸ்சிகே தூக்கிப் போடாது, இப்படிப் பேர் வெச்சு எடுத்து வைக்கும். ஃபோல்டரோட பதிவு கெட்டதால உள்ளே இருந்த பாட்டெல்லாம் பேரிழந்து நின்னிருக்கு, அவ்வளவுதான். முதல் ஃபைலை லேப்டாப்புக்குக் காப்பி பண்ணி, கடைசி மூணு எழுத்தை எடுத்துட்டு எம்பி3ன்னு மாத்தித் தட்டினேன். ஒரு சேவல் கூவுது. ஆயா பாட்டை நிறுத்துறாங்க. "எங்க விட்டேன்?"னு கேட்கிறாங்க. தங்கச்சி பதினஞ்சு வயசுக் குரல்ல அடியெடுத்துக் கொடுக்கிறா. பாட்டு தொடருது.

ஏழும் கிடைச்சது. அதனால சொல்றேன், ஆர்இசி ஃபைலைக் குப்பைன்னு நினைச்சு அழிச்சுடாதீங்க. ஒவ்வொண்ணையும் பேர் மாத்திக் கேட்டுப் பாருங்க.

ரிப்பேர்லயும் வரலைன்னாலும் வழி இருக்கு. 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' ரெண்டும் இலவசம், ஒரே பொட்டலமா இன்ஸ்டால் ஆகும். டெஸ்ட்டிஸ்க் தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடும். ஃபோட்டோரெக் கணக்குப் புத்தகத்தையே பார்க்காம, எம்பி3யோட அடையாளத்தை வெச்சுப் பாட்டை நேரா தோண்டி எடுக்கும். தெரியாம ஃபார்மட் பண்ணின கார்டுலகூட, மேலே வேற எதுவும் ஏத்தாம இருந்தா நிறைய மீளும். மீட்டதை அதே பிளேயர்ல சேமிக்காதீங்க, லேப்டாப்புல சேமிங்க.

5. பாட்டை அழிச்சும் இடம் வரலையா?

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இது. லினக்ஸ்ல டெலீட் தட்டினா பாட்டு குப்பைத்தொட்டிக்குப் போகும். பிளேயர்ல அழிச்சதோட குப்பைத்தொட்டி அந்தப் பிளேயருக்குள்ளேயே இருக்கும், ட்ராஷ்-1000ன்னு முன்னாடி ஒரு புள்ளி வெச்ச மறைவான ஃபோல்டரா. கன்ட்ரோலோட எச் தட்டினா கண்ணுக்குத் தெரியும். பிளேயரை மாட்டி வெச்சபடியே குப்பைத்தொட்டியைக் காலி பண்ணுங்க. அடுத்த தடவை ஷிஃப்ட்டோட டெலீட் தட்டுங்க, குப்பைத்தொட்டிக்குப் போகாம நேரா அழியும். தட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பாட்டுன்னு ரெண்டு தடவை பாருங்க.

6. இடம் இருந்தும் 'இடமில்லை'ன்னு சொல்லுதா?

2 ஜிபி, 1 ஜிபி பழைய பிளேயர்ல இது வரும். அதுல இருக்கிறது பெரும்பாலும் ஃபாட்16. அதுல எல்லாப் பாட்டையும் ஃபோல்டர் இல்லாம வெளியிலேயே கொட்டினா, வழக்கமா 512 வரிதான் கணக்குல எழுத முடியும். நீளப் பேரா இருந்தா ஒரு பாட்டே பல வரி பிடிக்கும். பேர்ல 13 குறிக்கு ஒரு வரி, அதுக்கு மேல பாட்டுக்கு ஒரு வரி.

'ஆயா நடவுப்பாட்டு'ங்கிறது நம்ம கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கணினி கொம்பு, கால், புள்ளியைத் தனித்தனியா எண்ணும். அதுக்கு அது 15. இடைவெளியும் எம்பி3 வாலும் சேர்ந்தா 20. ஆக மூணு வரி. இப்படிப் பேர் வெச்சா சுமார் 170 பாட்டோட கதவு சாத்திடும். இணையத்துல இறக்கின பாட்டுக்குப் படப் பேர், பாடினவர் பேர், தளத்தோட பேர்னு 60 குறி இருந்தா 85 பாட்டுதான்.

வைத்தியம் சுலபம். ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள பாட்டை வைங்க. ஃபோல்டருக்குள்ள இந்த 512 கட்டுப்பாடு கிடையாது.

7. ராத்திரிக் கூத்து ஏற மாட்டேங்குதா?

எங்க பக்கம் தெருக்கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் ஆறு மணி வரைக்கும் போகும். அதை சிடி தரத்துல வேவ் ஃபைலா ரெக்கார்ட் பண்ணினா மணிக்கு 635 எம்பி. எட்டு மணி நேரத்துக்கு 5 ஜிபி தாண்டிடும். ஃபாட்32-ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள்ளதான் இருக்கணும். கார்டு 32 ஜிபியா காலியா இருந்தாலும் ஏறாது. கணக்குப் போட்டா ஆறே முக்கால் மணி நேரத்தோட எல்லை வந்துடும்.

மூல வேவ் ஃபைலை லேப்டாப்புல பத்திரமா வைங்க. பிளேயருக்கு எம்பி3யா மாத்தி ஏத்துங்க. 128 கேபிபிஎஸ்ல முழு ராத்திரியும் 460 எம்பிதான். 'ஆடாசிட்டி'யில கட்டியங்காரன் வரவு, போர், துகில்னு தனித்தனியா வெட்டி வெச்சா அப்பா தேடாம கேட்பார்.

8. வரிசை மாறிப் பாடுதா? பேர் கட்டம் கட்டமா வருதா?

சின்ன பிளேயர் பலதும் அகர வரிசை பார்க்காது. கணக்குல எது முதல்ல எழுதப்பட்டதோ அதைத்தான் முதல்ல பாடும். கந்த சஷ்டிக் கவசம் நடுவுல வர்றது அதனாலதான். பேருக்கு முன்னாடி 01, 02ன்னு போட்டு, பிளேயரை அன்மவுன்ட் பண்ணிட்டு 'ஃபாட்சார்ட்'னு ஒரு சின்ன செயலியை ஓட்டினா, கணக்கையே அகர வரிசையில அடுக்கிடும்.

தமிழ்ப் பேர் லேப்டாப்புல நல்லாத் தெரிஞ்சு பிளேயர்ல மட்டும் கட்டம் கட்டமா வந்தா ஃபைல் சிஸ்டம் கெடலை. பிளேயருக்குள்ள தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பிளேயருக்குப் போற நகலுக்கு மட்டும் ஆங்கில எழுத்துல குட்டிப் பேர் வைங்க. லேப்டாப்புல இருக்கிற மூலத்துக்குத் தமிழ்ப் பேரே இருக்கட்டும்.

9. எழுதவே விடலையா? கார்டு மலிவா வாங்கினதா?

'ரீட் ஒன்லி'ன்னு வந்தா ரெண்டு இடம் பாருங்க. எஸ்டி அடாப்டர் பக்கத்துல சின்னப் பூட்டு ஒண்ணு இருக்கும், அது கீழே இறங்கியிருந்தா மேலே தள்ளுங்க. அது சரியா இருந்தா, கணக்குல குளறுபடி பார்த்து மேற்கொண்டு கெடாம இருக்கணும்னு லினக்ஸே எழுதுறதை நிறுத்தியிருக்கும். நல்லதுக்குத்தான். மூணாவது, நாலாவது டிப்ஸுக்குத் திரும்புங்க.

விலை ரொம்பக் குறைச்சு வாங்கின 64 ஜிபி கார்டுல முதல் கொஞ்சம் பாட்டு நல்லாப் பாடி, பிறகு ஏத்தினதெல்லாம் பாடலைன்னா கார்டு போலியா இருக்கலாம். 8 ஜிபி சிப்புக்கு 64ன்னு பொய்க் கணக்கு எழுதி விக்கிறாங்க. 'எஃப்3'ன்னு ஒரு இலவசச் செயலி கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படிச்சு உண்மை அளவைச் சொல்லிடும். புதுக் கார்டு வாங்கின அன்னைக்கே இதை ஓட்டுங்க. ரசீது கையில இருக்கும்போது தெரிஞ்சாத்தான் மாத்தி வாங்க முடியும்.

10. ஃபார்மட் பண்ணியே ஆகணும்னா

பாட்டை எடுத்தாச்சு, இமேஜும் இருக்குன்னா பண்ணலாம். பிளேயர் மெனுவிலேயே ஃபார்மட் இருந்தா அதுதான் நல்லது, அதுக்கு எது பிடிக்கும்னு அதுக்கே தெரியும். டிஸ்க்ஸ்ல பண்றதா இருந்தா 'எல்லாக் கருவிக்கும்'னு வர்ற ஃபாட்டைத் தேர்ந்தெடுங்க. இஎக்ஸ்டி4 லினக்ஸுக்கு அருமை, பிளேயருக்குப் புரியாது. 64 ஜிபியும் அதுக்கு மேலயும் உள்ள கார்டு கடையிலேர்ந்து வரும்போதே எக்ஸ்ஃபாட்ல வரும். பழைய பிளேயர் பலதுக்கு அது தெரியாது. ஃபாட்32-க்கு மாத்தினா பெரும்பாலும் படிச்சிடும்.

பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இடது பக்கம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கீங்கன்னு அளவை வாய் விட்டுப் படிங்க. 2 ஜிபின்னா பிளேயர். 320 ஜிபின்னா உங்க லேப்டாப்போட ஹார்ட் டிஸ்க்.

11. இனிமே வராம இருக்க

காப்பி பண்ற பட்டை முழுசா நிறைஞ்சாலும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. லினக்ஸ் பாட்டை முதல்ல மெமரியில வாங்கி வெச்சுக்கிட்டு, பிளேயருக்கு மெதுவா இறக்கும். 'இஜெக்ட்' அழுத்துங்க. எடுக்கலாம்னு செய்தி வர்ற வரைக்கும் காத்திருங்க. 'பிஸி'ன்னு வந்தா எங்கேயோ ஒரு பாட்டு அதுலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கும், அதை மூடுங்க. பஸ் போனா அடுத்த பஸ் வரும். சார்ஜ் ரொம்பக் குறைவா இருக்கும்போது ரெக்கார்ட் பண்ணாதீங்க. ஃபைலை முடிச்சுக் கணக்கு எழுதுறதுக்கு முன்னாடி அணைஞ்சா இதே கதைதான்.

கத்துக்க இடம் இருக்கு

2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் நம்ம பிள்ளைங்க கைக்கு வந்தது. பதினொண்ணாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்துல உபுண்டு இருக்கு. விழுப்புரத்துலயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு, தன்னார்வமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க. வீட்டிலிருந்தே படிக்கணும்னா 2012-லேர்ந்து வர்ற 'கணியம்' மின்னிதழ் இருக்கு. து. நித்யா எழுதின 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவசமா கிடைக்குது. பொண்ணுங்க தயங்காம டெர்மினலைத் திறங்க. சமையல் குறிப்பு படிச்சுச் செய்யத் தெரிஞ்ச கைக்கு இது வரும்.

ஒரு வேலை மிச்சம் இருக்கு. உங்க வீட்டுலயும் ஒரு பிளேயர்லயோ பழைய போன்லயோ ஒரு ஆயா குரல், ஒரு தாத்தா சிரிப்பு இருக்கும். அது நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே காப்பி எடுத்துடுங்க. லேப்டாப்புல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கிற அக்கா வீட்டுலயோ தம்பி வீட்டுலயோ ஒண்ணு. ஆயாவோட ஏழு பாட்டும் இப்ப திண்டிவனத்துல ரெண்டு இடத்துல இருக்கு, விழுப்புரத்துல என் பீரோவுல ஒரு இடத்துல இருக்கு. பென் டிரைவை ஒரு சம்படத்துல போட்டு, மேலே தேதியோட 'ஆயா'ன்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். வருஷம் ஒரு தடவை பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது எடுத்து, மாட்டி, ஒரு பாட்டு கேட்டுப் பார்த்துட்டு வைப்பேன். நீங்களும் அப்படி ஒரு நாளைக் குறிச்சு வெச்சுக்கோங்க.